ஊசி போட்டும் நீர்க்கட்டி கரையவில்லையே?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என்னிடம் ஆறு கறவை மாடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று ஹோல்ஸ்டீன் கலப்பு, மூன்றாவது ஈற்று. கன்று போட்டு நான்கு மாதம் ஆகிறது, நாளைக்கு 24 லிட்டர் கறக்கிறது. ஈன்றபோது நஞ்சுக்கொடி விழாமல், மறுநாள் கையால் எடுத்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து பருவத்துக்கு வருகிறது, ஆனால் கணக்கே இல்லை. 9 நாளில் ஒருமுறை, அப்புறம் 12 நாளில், அப்புறம் 7 நாளில். மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. கை விட்டுப் பார்த்த டாக்டர் இடது சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லி ஒரு ஹார்மோன் ஊசி போட்டார். ஏழாம் நாள் இன்னொரு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். கட்டி அப்படியே இருக்கிறது, வேறு ஊசி போடவேண்டும் என்கிறார். முதல் ஊசி வீணா? பக்கத்துப் பண்ணைக்காரரோ கையாலேயே நசுக்கி உடைத்துவிடலாம் என்கிறார். என் நாத்தனாருக்கும் நீர்க்கட்டி உண்டு. இந்தப் பாலைக் குடித்ததால்தானோ என்று வீட்டில் ஒரே பேச்சு. மாட்டை விற்றுவிடட்டுமா? இதன் கிடேரிக் கன்றை வளர்க்கலாமா?

பதில்: முதல் ஊசி வீணாகவில்லை அம்மா. ஏழாம் நாள் ஸ்கேனில் கட்டி அப்படியே தெரிந்தது நல்ல அறிகுறியாகக்கூட இருக்கலாம். இரண்டாவது டாக்டர் வேறு ஊசி கேட்டது முதலாமவரைத் திருத்துவதற்காக அல்ல. பெரும்பாலும் அது அதே வைத்தியத்தின் இரண்டாம் பாதிதான். ஆள் மாறி வந்ததால் இருவரும் இரண்டு விதமாகச் சொல்வதுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் தொழிலில் இந்தக் குறை உண்டு. ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்க ஓடிவிடுகிறோம். எதற்குப் போட்டோம், அடுத்தது என்றைக்கு என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பதில்லை.

நீர்க்கட்டி என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கட்டி என்று காதில் விழுந்ததும், உடம்பில் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று முளைத்துவிட்டது, அதைக் கரைக்கவேண்டும் அல்லது உடைக்கவேண்டும் என்று மனசு போகிறது. உங்கள் மாட்டின் சினைப்பையில் இருப்பது அப்படி வெளியிலிருந்து வந்து குடியேறிய பொருள் அல்ல. சினைமுட்டையைச் சுமந்துகொண்டு வளர்ந்த ஒரு குமிழ், வெடிக்கவேண்டிய நாளில் வெடிக்காமல் தங்கிவிட்டது. அவ்வளவுதான். ஏன் வெடிக்கவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது புரிந்துவிட்டால் இரண்டு ஊசிக் கதையும் புரிந்துவிடும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒழுங்காகச் சுற்றி வரும் மாட்டுக்கு ஒரு சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 வரை இருந்தாலும் சரிதான். இந்த 21 நாளில் சினைப்பையில் இரண்டு அல்லது மூன்று அலைகளாகக் குமிழ்கள் கிளம்பும். ஒவ்வொரு அலையிலும் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு பெரிதாகும், மற்றவை சுருங்கிவிடும். பெரிதான குமிழ் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரத்தத்தில் அது ஏற ஏற மாடு கத்துகிறது, மற்ற மாடுகள்மேல் தாவுகிறது, தன்மேல் தாவினால் அசையாமல் நிற்கிறது, கண்ணாடி மாதிரி வழும்பு வழிகிறது. இதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத வேலை ஒன்றும் கூடவே நடக்கிறது. அதே ஈஸ்ட்ரோஜன் மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதிக்கும் போய், குமிழ் முற்றிவிட்டது என்ற சேதியைச் சொல்கிறது. ஹைபோதலாமஸ் உடனே ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விடும். அது பக்கத்திலேயே தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை உசுப்பும். பிட்யூட்டரி தான் சேர்த்துவைத்திருந்த எல்எச் ஹார்மோனை மடை திறந்ததுபோல ஒரேயடியாகக் கொட்டும். அந்தப் பெருக்குதான் குமிழை வெடிக்கவைத்து முட்டையை வெளியே தள்ளுகிறது. பருவ அறிகுறி அடங்கி ஏறக்குறைய 10, 12 மணி நேரத்தில் இது நடக்கும்.

வெடித்த இடம் சும்மா இருக்காது. அங்கே மஞ்சள் உடல் என்று நாங்கள் சொல்லும் திசு வளர்ந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சினை நின்றால் அதைக் காப்பாற்றுவது இந்தப் புரோஜெஸ்டிரோன்தான். நிற்காவிட்டால் 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி மஞ்சள் உடலைக் கரைத்துவிடும். அடுத்த சுற்று தொடங்கும்.

உங்கள் மாட்டில் இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. குமிழ் வளர்கிறது, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, அதனால்தான் பருவ அறிகுறி தெரிகிறது. பிட்யூட்டரியில் எல்எச் இருப்பும் இருக்கிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கொண்டுபோகும் சேதி ஹைபோதலாமசின் காதில் ஏறவில்லை. காதில் ஏறாததால் எல்எச் பெருக்கு வரவில்லை. பெருக்கு வராததால் குமிழ் வெடிக்காமல் பெருத்துக்கொண்டே போகிறது. வெடிக்கும் நிலையில் உள்ள குமிழ் வழக்கமாக 16 முதல் 18 மில்லிமீட்டர் இருக்கும். 20 மில்லிமீட்டரைத் தாண்டி, மஞ்சள் உடல் எதுவும் இல்லாமல், ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் நீர்க்கட்டி என்று இப்போது சொல்கிறோம். பழைய பாடநூல்களில் 25 மில்லிமீட்டர், 10 நாள் என்று இருந்தது. கையால் மட்டும் தடவிப் பார்த்த காலத்துக் கணக்கு அது.

ஏன் காதில் ஏறவில்லை? இங்கேதான் புரோஜெஸ்டிரோன் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் சொல்வதை ஹைபோதலாமஸ் கேட்கவேண்டுமானால், அதற்கு முன் சில நாளாவது அது புரோஜெஸ்டிரோனின் பிடியில் இருந்திருக்கவேண்டும். அந்த ஓய்வு கிடைத்தால்தான் அடுத்த முறை ஈஸ்ட்ரோஜனுக்குச் செவிகொடுக்கும். உங்கள் மாட்டில் முட்டை வெளியேறவில்லை, அதனால் மஞ்சள் உடல் இல்லை, அதனால் புரோஜெஸ்டிரோன் இல்லை, அதனால் மூளை கேட்கவில்லை, அதனால் மறுபடியும் முட்டை வெளியேறவில்லை. செக்கு சுற்றுவதுபோல அதே தடத்தில் சுற்றுகிறது.

இப்போது உங்கள் 9, 12, 7 நாள் கணக்கைப் பாருங்கள். கணக்கே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு இருக்கிறது, 21 நாள் கணக்குத்தான் இல்லை. ஒரு குமிழ் அலை எழுந்து அடங்க ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஒவ்வொரு அலையிலும் புதுக் குமிழ் ஒன்று வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, மாடு கத்துகிறது, முட்டை வரவில்லை. ஒரே கட்டி இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். பழையது சுருங்கும், அந்த இடத்தில் இன்னொன்று எழும். கை விட்டுப் பார்க்கும்போதெல்லாம் கட்டி தென்படுவதால் அதுவேதான் இது என்று தோன்றுகிறது.

இதனால் ஒன்று தெளிவாகிறது. மூன்று சினை ஊசியும் முட்டையே வராத பருவத்தில் போட்டவை. விந்துக் குச்சியையும் குறை சொல்லவேண்டாம், ஊசி போட்டவரையும் குறை சொல்லவேண்டாம். இதுவே மாடு சரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து ஒவ்வொரு முறையும் சினை தங்காமல் போயிருந்தால், அது வேறு பிரச்சினை, வேறு பதில் எழுதியிருப்பேன். நாள் குறித்துவைத்திருந்தீர்களே, அதுவே பாதி நோயறிதல்.

சொல்லப்போனால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். நீர்க்கட்டி உள்ள மாடுகளில் பல இப்படிக் கத்துவதே இல்லை. பருவ அறிகுறி எதுவும் காட்டாமல் அமைதியாக இருந்துவிடும். நன்றாகக் கறக்கிறது, இன்னும் பருவத்துக்கு வரவில்லை, வரட்டும் என்று வைத்திருப்பார்கள், ஐந்தாறு மாதம் ஓடிவிடும். உங்கள் மற்ற ஐந்து மாடுகளில் ஈன்று 60 நாள் தாண்டியும் பருவம் காட்டாதது ஏதாவது இருந்தால், ஸ்கேன் டாக்டர் அடுத்த முறை வரும்போது அதையும் காட்டிவிடுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். நீர்க்கட்டியில் இரண்டு வகை. சுவர் மெல்லியதாக, 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, புரோஜெஸ்டிரோன் கிட்டத்தட்ட இல்லாமல் இருப்பது ஒன்று. சுவர் தடித்து, மஞ்சள் உடல்போல மாறி, தானே புரோஜெஸ்டிரோன் சுரப்பது மற்றொன்று. கையால் தடவி இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம். ஸ்கேனில் சுவரின் தடிப்பு தெரியும். பாலிலோ இரத்தத்திலோ புரோஜெஸ்டிரோன் அளந்து பார்த்தால் இன்னும் உறுதி. உங்கள் மாடு அடிக்கடி பருவத்துக்கு வந்ததை வைத்துப் பார்த்தால் மெல்லிய சுவர் வகையாகத்தான் இருந்திருக்கவேண்டும். புரோஜெஸ்டிரோன் நன்றாகச் சுரக்கும் மாடு பருவம் காட்டாது.

முதல் டாக்டர் போட்டது பெரும்பாலும் ஜிஎன்ஆர்எச் ஊசியாக இருக்கும். மருந்துச் சீட்டில் பெயர் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூளை தானாக அனுப்பாத சேதியை நாம் வெளியிலிருந்து அனுப்புகிறோம், அதுதான் இந்த ஊசி. போட்ட இரண்டு மணி நேரத்தில் எல்எச் பெருக்கு உச்சத்துக்கு வந்துவிடும். அந்தப் பெருக்கு கட்டியை வெடிக்கவைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. கட்டி ஏற்கெனவே கிழடுதட்டிப் போயிருக்கும். நடப்பது இரண்டில் ஒன்று. கட்டியின் சுவர் தடித்து மஞ்சள் உடல்போல மாறும். அல்லது கட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் குமிழ் ஒன்று வெடித்து அங்கே புது மஞ்சள் உடல் உருவாகும். எது நடந்தாலும் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். புரோஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கும். மூளைக்கு அந்த ஓய்வு கிடைக்கும்.

ஆகவே ஏழாம் நாள் ஸ்கேனில் கட்டி இருப்பது தோல்வி அல்ல. இருக்கத்தான் செய்யும். கேட்கவேண்டிய கேள்வி வேறு. கட்டியின் சுவர் தடித்திருக்கிறதா, அல்லது எந்தச் சினைப்பையிலாவது மஞ்சள் உடல் தெரிகிறதா? இரண்டாவது டாக்டர் அப்படி ஒன்றைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த ஊசியைக் கேட்டிருக்கமாட்டார். நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

அந்த அடுத்த ஊசி புரோஸ்டாகிளாண்டின், பிஜி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கருப்பை தானாகச் செய்யும் வேலையை இது செய்கிறது. புரோஜெஸ்டிரோன் சுரந்துகொண்டிருக்கும் திசுவைக் கரைக்கிறது. ஒரு வாரம் ஓய்வில் இருந்த ஹைபோதலாமஸ் விழித்துக்கொள்ளும். புதுக் குமிழ் ஒன்று வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் விடும்போது இந்த முறை காதில் ஏறும். பிஜியை முதலிலேயே போட்டிருந்தால் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, மெல்லிய சுவரில் அதற்கு வேலையே கிடையாது. அதனால்தான் முதலில் அந்த ஊசி, ஏழு நாள் கழித்து இந்த ஊசி. எந்த வகைக் கட்டி என்று பிரிக்கமுடியாத இடத்திலும் இதே வரிசையில் போனால் இரண்டு வகைக்கும் வைத்தியம் ஆகிவிடும்.

பிஜி போட்டபின் இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் பருவம் தெரியும். தெரிந்தால் வழக்கம்போல, காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி. பருவத்தைக் காத்திருந்து பார்க்க ஆள் இல்லை என்றால், பிஜி போட்டு இரண்டு நாள் சொச்சத்தில் ஜிஎன்ஆர்எச் இன்னொரு முறை போட்டு, அதிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்துக்குள் அறிகுறி பார்க்காமலே சினை ஊசி போடும் முறையும் உண்டு. நீர்க்கட்டி மாட்டுக்கு எனக்கு இந்த இரண்டாவது முறையே பிடிக்கும். இந்த முறையாவது முட்டை வருமா என்ற சந்தேகத்துக்கு அந்தக் கடைசி ஊசி பதில் சொல்லிவிடுகிறது. இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் ஏழாம் நாள் தாண்டியிருக்கும். பரவாயில்லை. முதல் ஊசியிலிருந்து 14 நாள் வரைகூட பிஜி போடலாம். அதையும் தவறவிட்டால், முதல் ஊசியிலிருந்து 18 முதல் 23 நாளுக்குள் மாடு தானாகவே பருவத்துக்கு வர வாய்ப்பு உண்டு, அந்த ஒரு வாரம் கண்ணை மாட்டின்மேல் வைத்திருங்கள்.

பிஜிக்கு முன் ஒரு முக்கியமான விஷயம். மூன்று முறை சினை ஊசி போட்ட மாடு இது. சினை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தபின்தான் பிஜி போடவேண்டும், சினை இருந்தால் கலைத்துவிடும். பருவம் காட்டியதே, அப்புறம் எப்படிச் சினை இருக்கும் என்று கேட்காதீர்கள். சினை மாடுகளில் சிலவும் பருவ அறிகுறி காட்டும். ஸ்கேன் கையில் இருக்கும்போதே கருப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி சினை ஊசியிலிருந்து 30 நாள் ஆகவில்லை என்றால் அதையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, அந்த மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தச் சீசாவையோ ஊசியையோ தொடக்கூடாது. காலி ஊசியை எடுத்துப் போடும் வேலையை வீட்டுப் பெண்களிடம் விடுவது பல இடங்களில் வழக்கம், அதனால் சொல்கிறேன்.

இந்த வரிசைக்கு மாடு மசியவில்லை என்றால், புரோஜெஸ்டிரோனை நேரடியாகவே கொடுக்கலாம். புரோஜெஸ்டிரோன் ஊறிய சிலிகான் சாதனம் ஒன்றைப் பிறப்புறுப்புக்குள் ஏழு நாளோ கூடுதலாகவோ வைத்து எடுப்பார்கள். இடைப்பட்ட நாளில் அதிலிருந்து ஹார்மோன் கசிந்துகொண்டே இருக்கும். எடுத்த இரண்டு மூன்று நாளில் பருவம் வரும். தர்க்கம் பழையதேதான், மூளைக்கு ஓய்வு கொடுத்து எழுப்புவது.

வாரத்துக்கு ஒருவரை அழைத்து, வாரத்துக்கு ஒரு ஊசி போடாதீர்கள். ஒரே டாக்டர், ஒரே வரிசை, தேதி போட்ட ஒரு அட்டை. நடுவில் மாடு கத்தினால் பதறிப்போய்ச் சினை ஊசிக்கு ஆள் அனுப்பாமல், வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கையால் நசுக்கி உடைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைச் செய்திருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கைக்குள் 'பொத்' என்று உடைவது தெரியும், மாட்டுக்காரருக்கும் திருப்தி, நமக்கும் ஏதோ சாதித்ததுபோல இருக்கும். சில மாடுகள் அதற்குப்பின் சினையும் பிடித்தன. அதனால்தான் அந்தப் பழக்கம் இத்தனை நாள் பிழைத்தது. ஆனால் நீர்க்கட்டி உள்ள மாடுகளில் ஒரு பகுதி, குறிப்பாக ஈன்ற முதல் இரண்டு மாதத்தில், எதுவும் செய்யாமலே தானாகச் சரியாகிவிடும். பெயர் நமக்கு வந்துவிடும். அப்படி நான் உடைத்த மாடு ஒன்று ஒரு வருடம் கழித்தும் சினை பிடிக்கவில்லை. கை விட்டுப் பார்த்தால் சினைப்பை சுற்றியுள்ள சவ்வோடு ஒட்டிப்போய், முட்டை இறங்கும் வழியே மூடியிருந்தது. உடைத்தபோது கசிந்த இரத்தம் செய்த வேலை அது. அதோடு விட்டேன். மேலும், உடைத்தால் நீர் வெளியேறுமே தவிர, மூளையில் அறுந்த கண்ணி அப்படியே இருக்கும். அடுத்த அலையில் அடுத்த கட்டி.

மூளையின் இந்தச் சேதி ஊசிக்குள் வந்த கதையும் சாதாரணமானதல்ல. ஜிஎன்ஆர்எச் வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. அதைப் பிரித்தெடுத்து வடிவத்தைக் கண்டுபிடிக்க ஆண்ட்ரூ ஷாலி என்ற விஞ்ஞானியின் குழு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைபோதலாமஸ்களை அரைத்துச் சலித்தது. 1971இல் வடிவம் தெரிந்தது. 1977இல் அவருக்கும், அவரோடு போட்டிபோட்டு ஆட்டு மூளைகளில் தேடிய ரோஜர் கில்மெனுக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பன்றியில் கண்டதும் உங்கள் மாட்டில் இருப்பதும் நம் தலைக்குள் இருப்பதும் ஒரே சங்கிலிதான்.

இந்த மாட்டுக்கு மட்டும் ஏன் வந்தது என்றால், உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயம் இருக்கிறது. ஒன்று, நஞ்சுக்கொடி விழாமல் கையால் இழுத்தது. அப்படி இழுத்த கருப்பையில் கிருமி தங்குவது சகஜம். அந்தக் கிருமிகளின் நச்சு இரத்தத்தில் கலந்தால் எல்எச் பெருக்கையே அமுக்கிவிடும். மாட்டின் வழும்பு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறதா, அல்லது வெள்ளைத் திப்பிகளோ கலங்கலோ இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கல் இருந்தால் கருப்பைக்கு வைத்தியம் பார்த்தபின்தான் சினை ஊசி. அடுத்த முறை நஞ்சுக்கொடி விழாவிட்டால் உடனே இழுக்க ஆள் தேடாதீர்கள். மாட்டுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, தீனி எடுக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுப்பதால் வரும் சேதம் பல நேரம் இழுக்காமல் விடுவதைவிட அதிகம்.

இரண்டாவது தடயம் அந்த 24 லிட்டர். ஈன்ற முதல் இரண்டு மாதத்தில் நல்ல கறவை மாடு தின்பதைவிட மடியில் கொட்டுவது அதிகம். பற்றாக்குறைக்குத் தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். அப்போது இரத்தத்தில் இன்சுலின் இறங்கும், கொழுப்பு அமிலங்கள் ஏறும். வளரும் குமிழுக்கும் மூளைக்கும் அது நல்ல காலமல்ல. இன்னொரு பக்கம், நிறைய தின்று நிறைய கறக்கும் மாட்டின் கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் அதிகம். ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் அது வேகமாக அழித்துவிடும். சேதி கொண்டுபோகும் ஆளே வழியில் களைத்துவிடுகிற மாதிரி. அதற்காகக் கறவையைக் குறைக்கவா முடியும்? வற்றிய காலத்தில் மாட்டைக் கொழுக்கவிடாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது. கொழுத்த மாடு ஈன்றதும் தீனியைக் குறைத்துக்கொள்ளும், கொழுப்பைக் கூடுதலாகக் கரைக்கும், கீட்டோன் நோயும் நீர்க்கட்டியும் அதைத் தேடி வரும். விலா எலும்பு கையில் தட்டுப்படவேண்டும், கண்ணில் துருத்தக்கூடாது. அந்த அளவில் ஈன வைத்தால் போதும். ஈன்றபின் அடர்தீவனத்தைப் படிப்படியாக ஏற்றி, நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நார்ச்சத்துள்ள தீனியைக் குறைத்து அடர்தீவனத்தைக் குவித்தால் வயிறு புளித்து நிலைமை இன்னும் மோசமாகும்.

கால் நொண்டுவது, கடும் வெயில், இடமாற்றம் இவையும் மன அழுத்த ஹார்மோனை ஏற்றி எல்எச்சைத் தடுக்கும். பூஞ்சை பிடித்த தீவனத்தில் ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும் நச்சு இருக்கலாம், அதைக் கொட்டிவிடுங்கள். தாது உப்பு வழக்கமான அளவில் போதும். தாது உப்பு மட்டும் கொடுத்தால் நீர்க்கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

உங்கள் நாத்தனாருக்கு. பாலினால் வந்ததல்ல, இது தொற்றும் நோயும் அல்ல. பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர நோய் வேறு. பெண்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் பிசிஓஎஸ் என்பதில் சினைப்பை நிறைய ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சின்னச் சின்னக் குமிழ்கள் வளர்ச்சி நின்று கிடக்கும். ஆண் ஹார்மோன் கூடியிருக்கும். மாட்டிலோ ஒன்றோ இரண்டோ பெரிய குமிழ். அவர்களில் பலருக்கு இன்சுலின் கூடிப்போனது பிரச்சினை, உங்கள் மாட்டுக்கு ஈன்ற புதிதில் இன்சுலின் இறங்கிப்போனது பிரச்சினை. முட்டை வெளியேறவில்லை என்ற முடிவு மட்டும் ஒன்று. அவர்களுக்கான மருந்தை மாட்டுக்கோ, மாட்டுக்கான யோசனையை அவர்களுக்கோ மாற்றிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், மனிதர் மாத்திரையை மாட்டுக்குப் பொடித்துக் கொடுத்துவிட்டு வந்து கேட்டவர்கள் உண்டு.

ஊசி போட்ட மாட்டின் பால் பற்றி: ஜிஎன்ஆர்எச் ஒரு வேளைக்கு வழக்கமாக 100 மைக்ரோகிராம்தான், அதாவது ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு. உடம்பில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். புரதத் துணுக்கு என்பதால் வயிற்றுக்குப் போனாலும் செரித்துவிடும். மற்ற ஊசிகளுக்கும் சாதனத்துக்கும் பால் எப்போதிலிருந்து எடுக்கலாம் என்று உறையில் போட்டிருக்கும், அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

விற்கும் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நான்கு மாதக் கறவை, மூன்றாவது ஈற்று, நல்ல மடி. இப்படிப்பட்ட மாட்டை ஒரு சுற்று ஊசியின் நடுவில் விற்பது அவசரம். சரியான வரிசையில் இரண்டு சுற்று, அதாவது ஏறக்குறைய இரண்டு மாதம் கொடுங்கள். பெரும்பாலான மாடுகள் அதற்குள் ஒழுங்குக்கு வந்துவிடும். அதன்பின் போடும் முதல் சினை ஊசியிலேயே நிற்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், நீர்க்கட்டி வந்த மாடு மற்ற மாடுகளைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் சினை பிடிக்கும். வால் அடியில் எலும்பு தூக்கிக்கொண்டு இருபுறமும் குழி விழுந்து, கழுத்து காளைபோலத் தடித்து, குரலும் மாறிவிட்டால் அது முற்றிய நிலை. அப்போது விற்பது பற்றி யோசிக்கலாம். உங்கள் மாடு அந்தப் பக்கம் போகவில்லை.

கிடேரியை வளருங்கள். நீர்க்கட்டி வரும் தன்மை ஓரளவு பரம்பரையாக இறங்கும் என்பது உண்மைதான். ஸ்வீடனில், மகள்களுக்கு நீர்க்கட்டி அதிகமாக வந்த காளைகளை இனவிருத்தியிலிருந்து விலக்கியே காலப்போக்கில் அந்த நோயைக் குறைத்தார்கள். ஆனால் தாயின் கதையில் பரம்பரையைவிட நஞ்சுக்கொடிக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். இந்த மாட்டுக்குக் காளைக்கன்று பிறந்தால் அதைப் பொலிகாளையாக வைக்கவேண்டாம், அது போதும். கிடேரி முதல் ஈற்று ஈன்ற தேதியைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். 50ஆம் நாள் வரை பருவம் தெரியவில்லை என்றால், 60 ஆகட்டும் என்று காத்திருக்காமல் ஸ்கேனுக்குக் காட்டிவிடுங்கள்.